இரண்டு பூச்சாடிகள், ஒரு தேதி: டேவிட் ஜாடிகளை உலகம் நம்பிய கதை

பழைய சீன நீல வெள்ளைப் பீங்கான் சேர்க்கிறவர்கள் ஒரு பொருளைக் கையில் எடுத்ததும் முதலில் செய்கிற வேலை, அதைக் கவிழ்த்து அடியைப் பார்ப்பது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பேரரசரின் ஆட்சிப் பெயரைச் சொல்கிற நான்கு எழுத்தோ ஆறு எழுத்தோ நீலத்தில் இருந்தால் மனசு துள்ளும், இல்லையென்றால் திரும்ப வைத்துவிடுவேன். எழுத்து இருந்தால் காலம் தெரிந்துவிட்டது என்று அர்த்தம் என நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பை மாற்றியது லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தின் 95-ம் அறையில் இருக்கிற ஒரு ஜோடிப் பூச்சாடி. டேவிட் ஜாடிகள் என்று பெயர். நீல வெள்ளைப் பீங்கானில் இந்த ஜோடியைவிட அதிகமாகப் பேசப்பட்ட பொருள் வேறு இல்லை. அவற்றின் கழுத்தில் ஆண்டும் மாதமும் தெளிவாக எழுதியிருக்கிறது. அப்படி இருந்தும் அந்தத் தேதிக்கு உரிய மதிப்பு கிடைக்க 1950-கள் வரை ஆனது. எழுதியதை ஏன் நம்பவில்லை, அப்புறம் எதை வைத்து நம்பினார்கள் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன்.

முதலில் ஜாடிகளைப் பார்த்துவிடலாம். உயரம் 63 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், அதாவது நின்றுகொண்டிருக்கும் பெரியவர் ஒருவருக்கு முழங்காலைத் தாண்டி வரும். கழுத்தின் இரண்டு பக்கமும் யானைத் தலை, துதிக்கை கீழே வளைந்து கைப்பிடியாகிறது. அந்தக் கைப்பிடிகளில் ஒரு காலத்தில் பீங்கான் வளையங்கள் தொங்கின, இப்போது இல்லை. வாய் விளிம்பை ஒட்டிச் செவ்வந்திக் கொடி, அதற்குக் கீழே மேல்நோக்கி நிற்கிற வாழை இலைகள், அப்புறம் மேகங்களுக்கு நடுவே பறக்கும் பீனிக்ஸ் பறவைகள், பிறகு தாமரைக் கொடி, வயிற்றுப் பகுதி முழுக்க மேகத்தில் நெளியும் டிராகன், அதன் கீழே அலைகள், பியோனிப் பூக்கள், அடியில் இதழ் வடிவக் கட்டங்களுக்குள் மங்கலப் பொருட்கள். ஒரு அங்குலம்கூடச் சும்மா விடவில்லை. ஆனால் நெரிசலாகவும் தெரியவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு வரிசையையும் கோடு பிரித்து நிறுத்துகிறது. டிராகனின் உடம்பு ஒல்லியாக, பாம்புபோல வளைந்து போகிறது. செதில்களை ஒவ்வொன்றாகத் தீட்டியிருக்கிறார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் இரண்டும் அச்சில் வார்த்தவை அல்ல என்பது தெரிகிறது. மேகங்களின் வால் வேறு, இலைகளின் சாய்வு வேறு. நீல நிறம் தரும் கோபால்ட்டைச் சுடாத களிமண் மேல் தூரிகையால் தீட்டும்போது மண் அதை உடனே உறிஞ்சிக்கொள்ளும், அழித்துத் திருத்த வழியே கிடையாது. ஒரே மூச்சில் போட்ட கோடுகள் அவை.

எழுத்து இருப்பது கழுத்தின் மேல்பகுதியில், வாழை இலைகளின் நடுவே. அறுபது எழுத்துக்குச் சற்று மேல். யூஷான் வட்டாரத்தைச் சேர்ந்த ஜாங் வென்ஜின் என்கிற பக்தர், ஒரு தூபக்காலையும் ஒரு ஜோடிப் பூச்சாடியையும் ஷிங்யுவானில் உள்ள கோயிலில் தெய்வமாக வணங்கப்பட்ட தளபதி ஹூ ஜிங்யிக்கு மகிழ்ச்சியோடு காணிக்கை வைக்கிறார், குடும்பம் முழுவதையும் காப்பாற்ற வேண்டும், பிள்ளைகள் நிம்மதியாக இருக்க வேண்டும் என்று வேண்டுகிறார். ஜிஜெங் 11-ம் ஆண்டு, நான்காம் மாதம், ஒரு நல்ல நாள். நம் கோயில் டியூப்லைட்டில் எழுதியிருக்குமே 'உபயம்' என்று, அதேதான். ஆண்டைக் குறிப்பிடும் முறையும் நமக்குப் பழகியது. கோயில் கல்வெட்டுகளில் அரசன் பெயரைச் சொல்லி அவனுக்கு யாண்டு இத்தனை என்று வருவதுபோல, இங்கே யுவான் வம்சத்தின் கடைசிப் பேரரசர் காலத்து ஜிஜெங் ஆட்சிப் பெயரின் 11-ம் ஆண்டு. நம் கணக்கில் 1351. அதே 1351-ல்தான் மங்கோலிய ஆட்சிக்கு எதிராகச் செந்தலைப்பாகைக் கிளர்ச்சி வெடித்தது, அடுத்த 17 ஆண்டுகளில் யுவான் வம்சமே போய்விட்டது. பிள்ளைகளின் நிம்மதிக்காக அந்த வருஷம் ஒருவர் வேண்டிக்கொண்டார் என்பதைப் படித்தபோது எனக்கு அந்த ஜாடிகள் மியூசியப் பொருளாகத் தெரியவில்லை.

இவ்வளவு தெளிவான எழுத்தை ஏன் நம்பவில்லை? 1920-களில் வூ லாய்ஷி என்ற வியாபாரி மூலம் இவை மேற்கத்தியச் சேகரிப்பாளர்களிடம் வந்தபோது, முதலில் பார்த்த பலர் போலி என்று ஒதுக்கிவிட்டார்கள் என்பதுதான் இன்றுவரை சொல்லப்படும் கதை. அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு இருந்த அறிவின்படி, நல்ல நீல வெள்ளைப் பீங்கான் மிங் காலத்தில், அதாவது 15-ம் நூற்றாண்டில்தான் வளர்ந்தது. மங்கோலியர் ஆண்ட யுவான் காலத்தில் ஏதாவது இருந்திருந்தால் கரடுமுரடாக, ஆரம்ப முயற்சியாக இருந்திருக்கும் என்று நினைத்தார்கள். இந்த ஜாடிகளில் அப்படி ஒரு தடுமாற்றமும் கிடையாது. பார்த்தவுடன் தெரியும், பல வருஷம் தொழில் பழகிய பட்டறை செய்தது. சீனாவின் பழைய ரசிகர்களே இந்த வகையை மதிக்கவில்லை என்பதும் சேர்ந்துகொண்டது. 1388-ல் சாவ் சாவ் என்பவர் எழுதிய பழம்பொருள் கையேட்டில் நீல வெள்ளையும் பலவண்ணப் பீங்கானும் மிகவும் ரசனைக் குறைவானவை என்று இருக்கிறது. அந்தக் கையேட்டைப் பிற்காலத்தில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரே இந்த ஜாடிகளின் சொந்தக்காரர் பெர்சிவல் டேவிட்தான்.

1929-ல் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த ஆர்.எல்.ஹாப்சன் இந்த எழுத்தை வைத்து, மிங்குக்கு முன்பே நீல வெள்ளை இருந்தது என்று ஒரு கட்டுரை வெளியிட்டார். சரி, ஒரு கட்டுரை வந்தது, அவ்வளவுதான். துறை பெரிதாக அசையவில்லை. ஜாடிகளும் அப்போது ஒன்றாக இல்லை, ஒன்று எல்ஃபின்ஸ்டன் என்பவரிடம், இன்னொன்று சார்லஸ் ரஸ்ஸல் என்பவரிடம். 1892-ல் பம்பாயில் பிறந்து, சீன மொழி கற்று, வாழ்நாள் முழுவதையும் சீனப் பீங்கானுக்கே கொடுத்த பெர்சிவல் டேவிட் இரண்டு பேரிடமிருந்து வந்த இரண்டையும் வாங்கி 1930-களின் நடுவில் ஒன்று சேர்த்தார். ஜோடி சேர்ந்ததே பெரிய விஷயம் என்பது என் கருத்து. ஒரு ஜாடியை மட்டும் பார்த்தால் ஒரு குயவரின் தனித்திறமை என்று தள்ளிவிடலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் இது ஒரு பட்டறையின் வழக்கமான வேலை என்பது விளங்கும்.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல வருஷத்துக்கு முன் வெளிநாட்டில் ஒரு பழம்பொருள் கடையில், உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னக் கிண்ணம் ஒன்றை வாங்கினேன். அடியில் செங்ஹுவா ஆட்சி முத்திரை. செங்ஹுவா என்றால் மிங் வம்சம், 1465 முதல் 1487 வரை. கடைக்காரர் மிங் என்று அடித்துச் சொன்னார், நானும் முத்திரையைப் பார்த்து நம்பினேன், மூன்று மாதச் சேமிப்பைக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து வெயிலில் வைத்துப் பார்த்தபோதுதான் நீலம் தட்டையாக, மை தடவியதுபோல ஒரே சீராக இருப்பது கண்ணில் பட்டது. அடி வளையத்தில் விரலை ஓட்டினால் கூர்மையாக, நேற்றுச் செதுக்கியதுபோல இருந்தது. பிறகு அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டினேன், கையில் வாங்கிய நொடியிலேயே 20-ம் நூற்றாண்டு என்றார், முத்திரையை அவர் பார்க்கக்கூட இல்லை. அன்று ரொம்ப வலித்தது. விசாரித்ததில், முந்தைய பேரரசர்களின் முத்திரையை எழுதுவது சீனாவின் பீங்கான் ஊரான ஜிங்தேஜென்னில் நெடுங்காலப் பழக்கம், அதிலும் செங்ஹுவாதான் அதிகம், எல்லாம் ஏமாற்றுவதற்காக எழுதியதும் அல்ல, முன்னோர் வேலைக்குச் செய்த மரியாதையாகவும் இருந்திருக்கிறது. போதாததற்கு 1677-ல் அங்கிருந்த அதிகாரி, நடப்புப் பேரரசர் காங்சியின் பெயரைப் பீங்கானில் எழுதக் கூடாது, உடைந்தால் அவமரியாதை என்று தடை போட்டார். அதனால் உண்மையான காங்சி காலப் பீங்கானிலேயே மிங் முத்திரை இருக்கும், அல்லது வெறும் இரட்டை வட்டம் மட்டும் இருக்கும்.

அப்படியானால் டேவிட் ஜாடிகளின் எழுத்தை மட்டும் எப்படி நம்புவது? இரண்டு விஷயம் எனக்குப் பலமாகத் தெரிகிறது. எழுத்தும் ஓவியமும் ஒரே கோபால்ட்டால், மேல்பூச்சுக்கு அடியில், ஒரே சூட்டில் வெந்தவை. பின்னால் யாரும் எழுதிச் சேர்க்க முடியாது. ஆகவே ஜாடி முழுக்க 1351, இல்லாவிட்டால் ஜாடி முழுக்கப் போலி, நடுவில் எதுவும் இல்லை. போலி செய்கிறவன் விலை போகிற பெயரைத்தான் எழுதுவான், சுவாண்டே என்றோ செங்ஹுவா என்றோ மிங் ஆட்சிப் பெயர் ஒன்றை. யுவான் நீல வெள்ளை என்று ஒரு வகையே சந்தையில் இல்லாத காலத்தில், யாருக்கும் தெரியாத ஒரு பக்தரின் பெயரையும் அவருடைய ஊர் விவரத்தையும் இட்டுக்கட்டி, விற்க முடியாத ஒரு தேதியை எழுதி, இரண்டு பெரிய ஜாடிகளை யார் செய்வார்கள்? இது நல்ல வாதம். ஆனால் வாதம் மட்டும் போதாது, இதேபோல வேறு பொருட்கள் வேண்டும். அவை இருந்தன, ஆனால் யாரும் தேடாத இடங்களில்.

தேடியவர் ஜான் அலெக்சாண்டர் போப், வாஷிங்டன் ஃப்ரீர் கலைக்கூடத்தைச் சேர்ந்தவர். இஸ்தான்புல்லில் ஆட்டோமான் சுல்தான்களின் தோப்காப்பி அரண்மனையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சீனப் பீங்கான்கள் இருக்கின்றன. ஈரானின் அர்தபில் தர்காவுக்கு ஷா அப்பாஸ் 1611-ல் காணிக்கையாகக் கொடுத்த பீங்கான்கள் ஆயிரத்துக்கும் மேல், அவற்றில் எண்ணூறுக்கு மேல் மிஞ்சியிருந்தன. இரண்டிடத்திலும், மிங் என்று சொல்ல முடியாத, வேறு மாதிரியான ஒரு கூட்டம் இருந்தது. போப் செய்த வேலை பொறுமையான வேலை. டேவிட் ஜாடிகளில் உள்ள ஒவ்வொரு வரிசை ஓவியத்தையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டு, அதே அலை, அதே கூரான தாமரை இலை, அதே பியோனி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டே போனார். அந்த ஒத்துமையால் தேதி இல்லாத பொருட்களையும் 14-ம் நூற்றாண்டில் கொண்டுபோய் வைக்க முடிந்தது. இஸ்தான்புல் ஆய்வு 1952-லும் அர்தபில் ஆய்வு 1956-லும் வந்தன. அதன் பிறகுதான் இந்த வகைக்கு 'ஜிஜெங் வகை' என்றே பெயர் நிலைத்தது.

அந்த ஒப்பீட்டில் சேகரிப்பாளர் எவரும் கண்ணால் பழகிக்கொள்ளக்கூடிய ஒரு அடையாளம் உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்தது. ஜாடியின் அடியில் சுற்றிவரும் இதழ்க் கட்டங்களைப் பாருங்கள். யுவான் காலத்தில் ஒவ்வொரு இதழுக்கும் சொந்தக் கோடு இருக்கும், பக்கத்து இதழுக்கும் இதற்கும் நடுவே மெல்லிய வெள்ளை இடைவெளி தெரியும். மிங் காலம் வந்ததும் பக்கத்துப் பக்கத்து இதழ்கள் ஒரே கோட்டைப் பங்கு போட்டுக்கொள்ள ஆரம்பிக்கின்றன. ஒரு தூரிகைக் கோடு மிச்சம், வேலை கொஞ்சம் சுருக்கம். பட்டறையின் கைப்பழக்கத்தில் வரும் இந்த மாதிரி மாற்றத்தை யாரும் யோசித்துச் செய்வதில்லை, அதனால்தான் இதை நம்பலாம். இதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது, இன்றைய நகல்காரருக்கும் இது தெரியும். ஆனால் கண் பழகத் தொடங்க நல்ல இடம்.

ஏன் இஸ்தான்புல்லிலும் அர்தபிலிலும் கிடைத்தது, பெய்ஜிங் அரண்மனையில் ஏன் பெரிதாக இல்லை? இந்த நீல வெள்ளையில் பெரும்பகுதி மேற்கு ஆசியாவை மனதில் வைத்துச் செய்தது. நாற்பது, நாற்பத்தைந்து சென்டிமீட்டர் அகலத் தட்டுகள் நிறைய இருக்கின்றன, சீனர்கள் ஆளுக்கொரு கிண்ணத்தில் சாப்பிடுகிறவர்கள், அவர்களுக்கு இவ்வளவு பெரிய தட்டு தேவையே இல்லை. பலர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் அது. காயல்பட்டினத்தில் விருந்துக்குப் போய் சஹனில் சாப்பிட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், சஹன் என்ற அரபுச் சொல்லுக்கே தட்டு என்றுதான் பொருள். நிறமும் அங்கிருந்து வந்ததுதான். ஜிங்தேஜென்னில் வெள்ளை மண் இருந்தது, கயோலின் என்ற சொல்லே அதன் பக்கத்துக் கிராமமான காவ்லிங்கின் பெயர்தான், 1,300 டிகிரியை நெருங்கும் சூளை இருந்தது, நல்ல கோபால்ட் மட்டும் பாரசீகத்திலிருந்து வந்தது. அதில் இரும்பு அதிகம், மாங்கனீஸ் குறைவு. தூரிகையில் மை கனமாக நின்ற இடமெல்லாம் வெந்த பிறகு கருநீலப் புள்ளியாக, பூச்சுக்குள் அமுங்கினாற்போல ஆகும். நாம் பீங்கான் என்று சொல்லும் சொல்லுக்கும் பாரசீக மூலம்தான் காட்டுகிறார்கள்.

போப்புக்குப் பிறகு மண்ணும் கடலும் பேச ஆரம்பித்தன. 1976 முதல் தென்கொரியாவின் சினான் பக்கம் கடலடியில் ஒரு கப்பலைத் தோண்டினார்கள். சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போய்க்கொண்டிருந்த கப்பல், சரக்கில் கட்டியிருந்த மரச் சீட்டுகளில் 1323 என்ற தேதி இருந்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பீங்கான்கள் கிடைத்தும், ஒன்றுகூட நீல வெள்ளை இல்லை. 1323-ல் ஒன்றும் இல்லை, 1351-ல் முழு வளர்ச்சி. நடுவில் இருபத்தெட்டு ஆண்டுதான். சினான் சரக்கு ஜப்பானியச் சந்தைக்கானது, அதனால் மட்டுமே இல்லாமல் இருந்திருக்கலாம் என்று வாதிடலாம்தான், ஆனாலும் இந்த வகை மிக வேகமாக வளர்ந்தது என்ற முடிவை அது பலப்படுத்துகிறது. 1980-ல் ஜிங்தேஜென் இருக்கிற ஜியாங்ஷி மாநிலத்திலேயே காவ்வான் என்ற ஊரில் ஒரு புதையல் கிடைத்தது, அதில் 19 யுவான் நீல வெள்ளைப் பொருட்கள். டெல்லியில் பிரோஸ் ஷா கோட்லாவில் துக்ளக் அரண்மனைப் பகுதியிலிருந்து அறுபதுக்கும் மேற்பட்டவை உடைந்த நிலையில் கிடைத்தன. இவற்றை எடுத்து ஒட்டிப் பார்த்தால் டேவிட் ஜாடிகளின் உறவினர்கள் என்று உடனே தெரிகிறது. இவ்வளவு வந்த பிறகு 1351 என்ற எழுத்தைச் சந்தேகிக்க இடமே இல்லை.

இதில் வரிசை முக்கியம். கழுத்தில் எழுதியிருந்த தேதி ஒரு கேள்வியைக் கிளப்பியது. பதில் வந்தது மண், கோபால்ட், இதழ்க் கோடு, தொலைதூர அரண்மனைத் தட்டுகள், கடலடிச் சரக்கு இவற்றிலிருந்து. நான் அந்தச் சின்னக் கிண்ணத்தை வாங்கியபோது இதைத் தலைகீழாகச் செய்தேன். இப்போது எதை எடுத்தாலும் முத்திரையைக் கடைசியாகத்தான் பார்க்கிறேன். முதலில் எடை, அப்புறம் அடி வளையத்தின் தேய்மானம், பூச்சில்லாத மண்ணின் நிறம், பெரிய ஜாடி என்றால் உள்ளே கைவிட்டு இணைப்பைத் தடவிப் பார்ப்பது. யுவான் காலப் பெரிய ஜாடிகளைத் துண்டு துண்டாகச் செய்து ஒட்டினார்கள், அந்த இணைப்பு மேடு உள்பக்கம் கைக்குத் தட்டுப்படும். நீலம் எங்கே திரள்கிறது, எங்கே மெலிகிறது என்பதைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பேன்.

2005 ஜூலையில் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் குய்குசி என்ற முனிவரின் கதைக்காட்சி தீட்டிய யுவான் ஜாடி ஒன்று சுமார் 1.57 கோடி பவுண்டுக்குப் போனது. 1920-களில் பெயரே இல்லாத ஒரு வகை அது. அந்த விலையின் அடியில் இந்த இரண்டு பூச்சாடிகள் இருக்கின்றன என்று தயங்காமல் சொல்வேன். அதன் பிறகு சந்தையில் யுவான் நகல்கள் பெருகின, அவற்றில் பல இன்றைய ஜிங்தேஜென்னிலேயே நன்றாகச் செய்தவை, இரும்பு அதிகமுள்ள கோபால்ட் உட்பட எல்லாவற்றையும் அவர்களால் கொண்டுவர முடியும். யாராவது உங்களிடம் குறைந்த விலைக்கு யுவான் நீல வெள்ளை என்று ஒன்றை நீட்டினால் தயவுசெய்து வாங்காதீர்கள். சேர்க்க ஆசையாக இருந்தால் 19-ம் நூற்றாண்டு நீல வெள்ளைக் கிண்ணங்கள் இன்னும் நியாய விலைக்குக் கிடைக்கின்றன, உடைந்த சில்லுகள் அதைவிடக் குறைவு. சில்லுதான் நல்ல ஆசான். உடைந்த ஓரத்தில் மண், நீலம், பூச்சு மூன்றும் அடுக்கடுக்காகத் தெரியும், முழு ஜாடி எதுவும் அதைக் காட்டாது.

டேவிட் 1964-ல் இறந்தார். அவருடைய சேகரிப்பு 1952 முதல் லண்டன் கோர்டன் ஸ்கொயரில் இருந்தது, 2009-லிருந்து பிரிட்டிஷ் மியூசியத்தில். 2024 நவம்பரில் சுமார் 1,700 பொருட்களையும், ஏறக்குறைய 100 கோடி பவுண்டு மதிப்பு என்று கணக்கிட்டு, அறக்கட்டளை மியூசியத்துக்கே கொடுத்துவிடுவதாக அறிவித்தார்கள். பி 613, பி 614 என்ற எண்களோடு இரண்டு ஜாடிகளும் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் போய்ப் பார்க்கும்படி இருக்கின்றன.

ஜாங் வென்ஜின் கொடுத்தது மூன்று பொருட்கள். தூபக்கால் இதுவரை கிடைக்கவில்லை. கோயிலில் அது நடுவிலும், பூச்சாடிகள் இரு பக்கமும் நின்றிருக்கும். அந்த அறையில் போய் நிற்கும்போதெல்லாம் இரண்டு ஜாடிகளுக்கும் நடுவில் இருக்கிற அந்த வெற்றிடத்தைத்தான் நான் அதிக நேரம் பார்க்கிறேன். நாளைக்கே யாராவது ஒரு தூபக்காலைக் கொண்டுவந்து, அதே பெயர், அதே ஆண்டு, அதே வேண்டுதல் எழுதியிருக்கிறது என்று காட்டலாம். அப்போது அந்த எழுத்தைக் கொஞ்சம் துணியால் மூடிவைத்துவிட்டு, முதலில் அதன் அடியைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.